நாலு நாள் அடுப்பு மூட்டாமல்

பெரிய கிளாக்கரய்யா நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில் தொற்றிக்கொண்டுதான் எழுதுவார். இரண்டு வரி எழுதியதும் எழுந்து ஜன்னலுக்குப் போவார். ரப்பர் ஸ்டோருக்குக் கீழே பஸ் திரும்பும் வளைவைப் பார்ப்பார். திரும்பி வந்து மூன்றாவது வரியை எழுதுவார். அந்த பஸ்ஸில் அவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்பது தோட்டத்துக்கே தெரியும். அவருக்கும் தெரியும்.

தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் தொண்ணூற்றாறாம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தேன். தொழிலாளர் லயத்தில் பிறந்து அந்த ஆபீஸில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். என் அம்மா அப்போதும் தினமும் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். முதல் நாள் காலை, என் சான்றிதழ்களைப் பார்க்காமலே கிளாக்கரய்யா கேட்டார்.

"உமக்குச் சிங்களம் நல்லா வருமோ?"

"வருங்கய்யா. சிங்களப் புள்ளைங்களோடதான் வெளையாடி வளந்தேன்."

"டெலிபோனில கதைப்பீரோ?"

"கதைப்பேங்கய்யா."

"அப்ப சரி" என்று ஒரு கொப்பியை என் முன்னால் வைத்தார். ஆட்களின் வருகையை எழுதும் செக்ரோல் என்று நினைத்துத் திறந்தேன். முதல் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் ‘கண்டி – நான்கு நாட்கள்’ என்றிருந்தது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் இரண்டு மகள்மாரும் அங்கே. பாதை திறந்திருந்த காலத்தில் வருடத்துக்கு இரண்டு முறை ரயிலில் போய் வந்திருக்கிறார். பிறகு சண்டை வந்து ரயில் நின்றது, பாதை நின்றது. தொண்ணூற்றைந்து தொடக்கத்தில், சண்டை ஓய்ந்திருந்த சில வாரங்களில், கடல்நீரேரியைப் படகில் கடந்து ஒருமுறை போய்ப் பார்த்தார். அப்போது பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நான்கு. அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவர்கள் வெளியே வரப் பாஸ் கிடைத்தால் கப்பல் இல்லை, கப்பல் இருந்தால் பாஸ் இல்லை. இவர் போனால் திரும்பி வர முடியுமா என்பது நிச்சயமில்லை. இவருடைய சம்பளத்தில்தான் அங்கே உலை கொதித்தது.

அதனால் திட்டம் போட்டார். அவர்கள் வந்தால் எங்கே கூட்டிப்போவது, எப்படிச் சிக்கனமாக நான்கு நாள் தங்குவது என்று அந்தக் கொப்பி முழுக்க எழுதி வைத்திருந்தார். பெரஹரா ஊர்வலம் நடக்கும் மாதத்தில் போகக்கூடாது, எல்லாம் மூன்று மடங்கு விலை. குளத்தைப் பார்த்த லொட்ஜ்கள் வேண்டாம். மேலே படிக்கட்டு ஏறிப்போகும் தெருக்களில் பாதி வாடகைக்கு அறை கிடைக்கும், குளமும் முழுதாகத் தெரியும். படுக்கை விரிப்பும் கேத்தலும் இங்கிருந்தே கொண்டுபோகலாம். மாவனல்லையில் பஸ் நிற்கும்போது பராட்டா வாங்கிவிட்டால் அன்றைய மத்தியானச் செலவு மிச்சம். முதல் நாள் குளக்கரை, இரண்டாம் நாள் பேராதனைத் தோட்டம், மூன்றாம் நாள் புத்தரின் பல் இருக்கும் மாளிகாவையும் அதற்குப் பின்னாலுள்ள காடும், நான்காம் நாள் கோயில். குளத்தைச் சுற்றி நடப்பதற்கு முக்கால் மணித்தியாலம் என்று எழுதி, பக்கத்தில் சிறிதாக ஒரு குறிப்பு: ‘சின்னவள் களைத்தால் தூக்கலாம்.’

ஒவ்வொரு ஜனவரியிலும் பஸ் நேரங்களையும் வாடகையையும் திருத்தி, புதுக் கொப்பியில் நான் அதைப் பிரதி எடுக்க வேண்டும். ஆறு வருடம் எடுத்தேன். ஆறு முறையும் அந்த வரியை அப்படியே எழுதினேன். அவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் கேட்டேன்.

"ஏங்கய்யா கண்டி? இங்கேயே குவாட்டர்ஸ் இருக்கே. நாலு பேரு தாராளமா இருக்கலாமே."

எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"குவாட்டர்ஸுக்கு வந்தா அவள் விடியக் காலமை எழும்பி அடுப்பை மூட்டுவாள். அது லீவோ, பிள்ளை? அது குடித்தனம். நாலு நாள் அவள் அடுப்பு மூட்டாம இருக்கவேணும். அதுக்குத்தான் கண்டி."

தோட்டத்தில் அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். யாருக்காவது வெளியூர்ப் பயணம் என்றால் அவரிடம்தான் வருவார்கள். அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தபோது, ஒரு துண்டுத்தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்தார். எத்தனை மணி பஸ், எந்தப் பக்கத்து சீட்டில் வெயில் படாது, ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் வரிசை சீக்கிரம் நகரும், எந்தக் கடையில் சுடுதண்ணீர் சும்மா கொடுப்பார்கள். எழுதியபடியே எல்லாம் நடந்தது. ஆனால் அதே அம்மாதான் ஒருநாள் சொன்னாள், "அந்த மனுசன் நடக்குற நடைய பாத்தா எனக்கு பயமா இருக்கு புள்ள. கூட்டுல போட்ட சிறுத்த மாதிரி. என்னைக்காவது ஒருநாளு எதுலயாவது போயி முட்டிக்குவாரு."

முட்டவும் செய்தார். நான் வேலைக்கு வந்து இரண்டாம் வருடம், இடங்களை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கண்டிக்குக் கிளம்பினார். அன்று மாலை திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பையில் கண்டித் தெருக்களின் படமும், பஸ் நேரங்களும், எந்த இடத்தில் எந்த நேரம் கூட்டம் அதிகம் என்ற குறிப்பும். அந்தக் கொப்பியைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தோட்டத்துத் துரை கடிதம் கொடுத்து, பிறகு தானே காரில் போய்ப் பேசி, மூன்றாம் நாள் கூட்டிவந்தார்.

தாடியும் கசங்கிய சட்டையுமாக ஆபீஸ் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். டீ கொடுத்தேன். நின்றபடியே குடித்தார்.

"அடிச்சாங்களாய்யா?"

"அது கிடக்கட்டும்" என்றார். "கொப்பியில ஒரு திருத்தம் எழுதும். வழியில சோதனைக்கெண்டு நேரம் கூட்டிப் போடவேணும்."

"எவ்வளவு நேரங்கய்யா?"

"ஒரு மணித்தியாலம் எண்டு போடும்."

மூன்று நாளை ஒரு மணித்தியாலம் என்று எழுதினேன். பேனா நகர மாட்டேன் என்றது. அவர் அதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்றது, பாதை திறந்தது. தோட்டத்தில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஓடிவந்து, ஓடித்தான் வந்தார், துரையின் அறையைக் காட்டி, "டெலிபோன் எடும், பிள்ளை" என்றார்.

டிசம்பர் லீவுக்கு அறை தேடத் தொடங்கினோம். நான் சிங்களத்தில் பேசுவேன். அவர் பக்கத்தில் நடப்பார். முதல் கேள்வி எத்தனை பேர் என்பது. இரண்டாவது கேள்வி பெயர். பெயரைச் சொன்னதும் சில இடங்களில் அறை நிரம்பிவிட்டது. ஓரிடத்தில் போலீஸ் கடிதம் கேட்டார்கள்.

"என்னவாம்?" என்பார் ஒவ்வொரு முறையும்.

"ரூம் இல்லையாங்கய்யா."

"அடுத்ததுக்கு எடும்."

ஒன்பதாவதோ பத்தாவதோ, ஓய்வுபெற்ற ஒரு சிங்கள டீச்சரம்மாவின் வீடு. மேல்மாடியை வாடகைக்கு விடுகிறவர். "யாப்பனயெந்த?" என்று கேட்டார், யாழ்ப்பாணத்திலிருந்தா என்று. ஆமாம் என்றேன். பிறகு, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றார். இருக்கிறார்கள் என்றேன். "அப்படியானால் வரச் சொல். படிக்கட்டில் பாசி இருக்கிறது, பிள்ளைகளைப் பார்த்து ஏறச் சொல்" என்றார்.

அதைத் தமிழில் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாசி எண்டு எழுதும்" என்றார்.

எனக்குக் கண்டியில் ஒரு பெரியம்மா இருந்தாள். நான் அவள் வீட்டில் தங்கி, பகலில் வந்து இவர்களுக்காகச் சிங்களம் பேசுவது என்று ஏற்பாடு. அவர் அதையும் கொப்பியில் எழுதினார்.

வவுனியாவிலிருந்து வரும் பஸ் ஐந்து மணிக்கு. நாங்கள் மூன்று மணிக்கே பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவர் கையில் இரண்டு பலூன்கள். பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்க இறங்க அவர் கதவருகே போய், குனிந்து குனிந்து பார்த்தார். இடுப்பு உயரத்தில் பார்த்தார். ஒரு பெண்ணும், அவள் உயரத்துக்கே வளர்ந்த ஒருத்தியும், காதளவு வளர்ந்த இன்னொருத்தியும் அவரைத் தாண்டி வந்து நின்றார்கள். அவர் இன்னும் பஸ்ஸுக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ" என்றாள் அந்தப் பெண்.

அவர் திரும்பினார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? மனைவியைப் பார்த்தார். மகள்களைப் பார்த்தார். சின்னவளின் தலைக்கு நேரே கையை நீட்டி, பாதியிலேயே நிறுத்தினார். அந்தக் கை போவதற்கு எட்டு வருடத்துக்கு முந்திய ஓர் உயரம் இருந்தது. அங்கே யாரும் இல்லை. சின்னவள் பலூனை வாங்கிக்கொண்டு, "தாங்க்ஸ்" என்றாள், கடைக்காரரிடம் சொல்வதைப்போல.

மறுநாள் பேராதனை. எட்டரை பஸ். எட்டு மணிக்கு நான் போனபோது அவர் மட்டும் குடையோடு விறாந்தையில் நடந்துகொண்டிருந்தார். மனைவி கீழே டீச்சரம்மாவின் குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, மற்றவளுக்குச் சிங்களம் தெரியாது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு நாள் அடுப்புப் பக்கம் போகாத எண்டு சொன்னனே" என்றார் அவர், வாசலில் நின்று.

"கை சும்மா இருந்தா எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் அவள். "நீங்கள் போங்கோ."

மகள்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டரை போயிற்று. ஒன்பதேகால் பஸ் போயிற்று. விறாந்தைப் பலகை அவர் நடையில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. ஒன்பதரைக்கு அவர் அறைக்கதவைத் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார்.

"எழும்புங்கோ! இனி வெயில் ஏறிப்போடும். ரெண்டு பஸ் போட்டுது. இவ்வளவு ஒழுங்கும் செய்து, கடைசியில படுத்துக் கிடக்கிறதுக்கோ வந்தனியள்?"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. கதவு திறந்தது. பெரியவள் நின்றாள். தலை கலைந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"அப்பா, நாங்கள் ஏழு வருசமா ஓடினனாங்கள். எழும்பு எண்டா எழும்பினம். வெளிக்கிடு எண்டா வெளிக்கிட்டம். எத்தினை வீடு, எத்தினை மரத்தடி எண்டு எங்களுக்கே நினைவில்லை. தங்கச்சி ராத்திரிதான் முதல் முறையா இடையில முழிக்காம நித்திரை கொண்டவள். இஞ்சயும் எங்களை ஓடச் சொல்லாதேங்கோ."

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மனைவி கையைத் துடைத்தபடி வெளியே வந்து என்னைக் கேட்டாள். "தங்கச்சி, உவர் எங்க போவார்?"

"கொளத்தை சுத்தத்தாங்கம்மா போவாரு" என்றேன். வேறு எங்கே போவார்.

நாங்கள் இறங்கிப் போனபோது அவர் எதிர்க்கரையில் வெள்ளைச் சட்டையாகத் தெரிந்தார். நடை இல்லை அது, ஓட்டமும் இல்லை. நான் போய்க் கூட்டிவரட்டுமா என்றேன். "வேண்டாம். குளம் வட்டம்தானே, இதால வரத்தானே வேணும்" என்று அவள் கரைச்சுவரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மகள்களும் வந்தார்கள். பெரியவள் அழுதிருந்தாள். தண்ணீரில் கொழுத்த மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்கு அங்கே இருப்பதா எழுந்து போவதா என்று தெரியவில்லை.

அவர் வந்தார். எங்களைக் கண்டதும் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பாக்காதேங்கோ" என்றாள் மனைவி. "இதில இருங்கோ."

"உது மரத்துக்குக் கீழ. நீர்க்காகம் எச்சம் போடும்."

"போடட்டும்."

உட்கார்ந்தார். சுவரின் நுனியில்தான். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. சின்னவள் மெல்ல நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, உங்களுக்கு என்ன கறி விருப்பம்?"

"ஏனம்மா?"

"அம்மா இறால் எண்டுறா. அக்கா முருங்கைக்காய் எண்டுறா. எனக்குத் தெரியாது."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். குவாட்டர்ஸில் தனியாகப் பருப்பும் பாண் ரொட்டியும் தின்று கழித்த வருடங்களை நான் அறிவேன். கடைசியில், "மறந்துபோனன், பிள்ளை" என்றார். பெரியவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மனைவி தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். "வீட்ட வாங்கோ."

"இன்னும் நாலு வருசம் சேவீஸ் கிடக்கு."

"நாலு வருசத்தில இவளுக்குப் பதினாறு. அதுக்குப் பிறகு அவளுக்கு அப்பா எதுக்கு?"

பேராதனைக்குப் போகவில்லை. காட்டுக்கும் போகவில்லை. மீதி நாட்களும் அந்தச் சுவரில் உட்கார்ந்து, கடலை தின்று, மழை வந்தால் கடை வாசலில் ஒதுங்கி, திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள். சும்மா இருப்பது அவருக்கு நன்றாக வரவில்லை. அடிக்கடி எழுந்து நான்கு எட்டு நடந்துவிட்டு வருவார். மகள்கள் அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். டீச்சரம்மாவின் குசினியில் மூன்று நாளும் அவர் மனைவிதான் சமைத்தாள். கடைசி நாள் இறால் போட்டு முருங்கைக்காய்க் கறி. அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார் என்று சின்னவள் எனக்குச் சொன்னாள்.

தோட்டத்துக்குத் திரும்பி ஒரு மாதம் அவர் கண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜனவரியில் கொப்பியைப் பிரதி எடுக்கச் சொல்லவும் இல்லை. பெப்ரவரியில் ஒருநாள் துரையின் அறைக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றார் துரை. "நாலு வருசம் பொறுங்க. இந்தச் சமாதானத்தை நம்பியா போறீங்க? இது எத்தனை நாளைக்கு நிலைக்கும்?"

"நிலைக்காது, சேர்" என்றார் அவர். "அதாலதான் இப்ப போறன்."

மார்ச்சில் போனார். அவருக்கு மாலை போடவேண்டுமென்று தொழிலாளர்கள் கோயிலடியில் கூடியிருந்தார்கள். இவர் விடிகாலை முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். மாலை வாடி என் மேசையில் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. அம்மா மட்டும், "போகட்டும் புள்ள, அந்த மனுசன் இதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்கமாட்டாரு" என்றாள்.

மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். பெரியவள் கம்பஸ் படிப்புக்கு எடுபட்டாள். சின்னவள் அவரோடு சண்டை பிடிக்கிறாள். ஒரு சின்னக் கடையில் கணக்கு எழுதப் போகிறார். இரண்டாயிரத்து ஆறில் சண்டை மறுபடி தொடங்கியது. பாதை அடைபட்டது என்று ரேடியோவில் கேட்டேன். பிறகு நான்கு மாதம் ஒரு செய்தியும் இல்லை. வேலை ஓடவில்லை. தபால் பை வரும் நேரம் பார்த்து வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன்.

டிசம்பரில் கடிதம் வந்தது. கப்பலில் வந்து, எங்கெங்கோ கிடந்து, ஓரங்கள் ஈரத்தில் கறுத்திருந்தது. அரிசி விலையும், மண்ணெண்ணெய் இல்லாததும், பின்னேரம் ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே போக முடியாததும் அரைப்பக்கம். அம்மாவின் கண் எப்படி என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அதே குண்டு எழுத்தில்:

‘பாதை திரும்பவும் பூட்டியாச்சு, பிள்ளை. இந்தமுறை நாங்கள் நாலு பேரும் ஒரே பக்கத்தில.’